பஞ்சகாலத்தில் பஞ்சப்படி

முப்பத்து நான்கு வருஷம் கருவூலத் துறையில் வேலை பார்த்து, சார் கருவூல அலுவலராக ஓய்வு பெற்றேன். சார் கருவூலம் என்பது விசித்திரமான இடம். ஒரே கூடத்தில் ஒரு பக்கம் அரசுக்குப் பணம் வந்து கொண்டிருக்கும், மறு பக்கம் போய்க் கொண்டிருக்கும். முத்திரைத்தாளுக்குச் சலானோடு நிற்பவர் ஒரு ஜன்னலில், பள்ளிக்கூடத்துச் சம்பளப் பட்டியலோடு நிற்பவர் அடுத்த ஜன்னலில். இரண்டு ஜன்னலுக்கும் பின்னால் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

பஞ்சப்படி அறிவிப்பு வரும் ஒவ்வொரு முறையும் "அரசு ஊழியர்களுக்குச் சம்பள உயர்வு" என்றுதான் பேச்சு கிளம்பும். அது சம்பள உயர்வு இல்லை. தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் பன்னிரண்டு மாதச் சராசரியை எடுத்து, ஜனவரிக்கு ஒன்று, ஜூலைக்கு ஒன்று என்று கணக்கிடுவது. விலை ஏறி முடிந்த பிறகுதான் படி ஏறும். அரசாணையில் அகவிலைப்படி என்று இருந்தாலும் எங்கள் மூத்தவர்கள் பஞ்சப்படி என்றே சொல்வார்கள். எதற்காகக் கொடுக்கிறார்கள் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

ஆனால் பஞ்சம் ஊருக்கே வரும்போது? அந்தக் கேள்வியைக் கேட்பவர்களைச் சங்கத்துக்காரர்கள் விரோதியாகப் பார்க்கக் கூடாது. வரிப்பணம் என்றால் வருமான வரி கட்டுகிறவர் பணம் மட்டும் இல்லை. மாநிலக் கஜானாவுக்கு வருவதில் பெரும்பகுதி, பெட்ரோல் போடுகிறவரிடமிருந்தும், சோப்பு வாங்குகிறவரிடமிருந்தும், வீட்டு மனையைப் பதிவு செய்கிறவரிடமிருந்தும் வருகிறது. வேலை போன கட்டடத் தொழிலாளியும் அதில் உண்டு.

2020-இல் கொரோனா வந்தபோது மத்திய அரசு மூன்று தவணைப் பஞ்சப்படியை நிறுத்தியது: அந்த ஆண்டு ஜனவரி, ஜூலை, அடுத்த ஆண்டு ஜனவரி. தமிழக அரசும் ஏப்ரல் மாதமே அதே வழியில் ஆணை போட்டது. 17 சதவீதத்தில் நின்ற படி மத்திய அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையில் 28 ஆகி, பிறகு அதே தேதியிலிருந்து 31 ஆனது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் வரை 17-தான். 2022 ஜனவரியில் ஒரேயடியாக 31 ஆக்கினார்கள். நிறுத்தி வைத்த காலத்துக்கு நிலுவை கிடையாது.

17-க்கும் 31-க்கும் நடுவே இருந்த இந்த 14 சதவீதத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2017-இல் வந்த ஊதியத் திருத்தத்தின்படி குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 15,700 ரூபாய், அதிகபட்சம் 2,25,000. அடிமட்டத்தில் இருந்த அலுவலக உதவியாளருக்கு அந்த டிசம்பரில் கிடைக்காமல் போனது 2,198 ரூபாய். உச்சியில் இருந்தவருக்கு 31,500. உச்சியில் இருப்பவர்தானே அதிகம் இழந்தார் என்று தோன்றும். கையில் மிஞ்சியதைப் பாருங்கள். சென்னையில் அப்போது ஒரு சிலிண்டர் 915 ரூபாய் 50 காசு. முதலாமவருக்குப் போனது இரண்டு சிலிண்டரும் ஒரு வாரத்துக் காய்கறியும். இரண்டாமவர் வீட்டில் அடுப்பு எரிவதில் எந்த மாற்றமும் இல்லை.

கொடுக்கும்போதும் இதே கதைதான். ஒரு சதவீதம் ஏறினால் அலுவலக உதவியாளருக்கு 157 ரூபாய், உச்சியில் இருப்பவருக்கு 2,250. அரிசி, பருப்பு விலை இருவருக்கும் ஒன்றுதான். நல்ல காலத்தில் இது யார் கண்ணையும் உறுத்தாது. கஜானா காலியாக இருக்கும்போதும் எல்லோருக்கும் ஒரே சதவீதம் என்று நாம் கேட்பதும், எல்லோருக்கும் ஒரே வெட்டு என்று அரசு நிறுத்துவதும் ஒரே தப்பின் இரண்டு பக்கம். நான் சொல்ல வந்தது இதைத்தான்.

சம்பளத்துக்கு ஏற்றபடி பஞ்சப்படியின் அளவை மாற்றுவது புதிய யோசனை ஒன்றும் இல்லை. ஐந்தாவது ஊதியக் குழுவுக்கு முந்தைய மத்திய அரசின் பஞ்சப்படி ஆணைகளைப் புரட்டிப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 3,500 ரூபாய் வரை இருப்பவர்களுக்கு விலையேற்றத்துக்கு முழு ஈடு. 6,000 வரை 75 சதவீதம். அதற்கு மேல் 65 சதவீதம்தான். 1996-க்குப் பிறகுதான் எல்லோருக்கும் நூறு என்றானது. அதை வெற்றி என்று கொண்டாடினோம். நானும் கொண்டாடினேன்.

2003-ஐச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. முந்தைய ஆண்டு மழை பொய்த்து டெல்டாவில் குறுவை போயிருந்தது. அந்த ஆண்டும் மேட்டூரில் தண்ணீர் இல்லை. ஓய்வூதியச் சலுகைகளைக் குறைத்து அரசு ஆணைகள் போட்டிருந்தது. ஜூலை 2 அன்று வேலைநிறுத்தத்தில் இறங்கினோம். டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை அவசரச் சட்டத்தால் இறுக்கி, சுமார் 1.7 லட்சம் பேரை விசாரணை இல்லாமல் வேலையை விட்டு நீக்கினார்கள். அதில் நானும் ஒருவன். தலைவர்களை இரவோடு இரவாகக் கைது செய்தார்கள். இன்று நினைத்தாலும் அது அநியாயம்தான்.

என்னைத் தூங்கவிடாத காட்சி வேறு. எங்கள் இடத்துக்குத் தற்காலிக ஆட்களை எடுக்கப் போகிறார்கள் என்றதும் இளைஞர்கள் குவிந்துவிட்டார்கள். சாலையின் இந்தப் பக்கம் நாங்கள் நான்கைந்து பேர் நிற்கிறோம். அந்தப் பக்கம் பாலிதீன் கவரில் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு நீண்ட வரிசை. கசங்கிய சட்டை போட்ட ஒரு பையன் சாலையைக் கடந்து வந்தான்.

"அண்ணே, பேனா இருக்கா? ஃபாரம் ஃபில் பண்ணணும்."

கொடுத்தேன். பக்கத்துச் சுவரில் வைத்து எழுதினான். பி.காம். என்று எழுதியது தெரிந்தது. "டெம்பரரிதான்னு சொல்றாங்க. ஆறு மாசம் கிடைச்சாலும் போதும்ணே" என்றான். நாங்கள் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரிசைக்கு ஓடினான். அவன் அப்பாவும் வரி கட்டுகிறவர்தான். எங்கள் போராட்டத்தில் அந்தப் பையனுக்கென்று ஒரு கோரிக்கைகூட இல்லை. மக்கள் ஏன் எங்கள் பக்கம் நிற்கவில்லை என்று பிறகு பல கூட்டங்களில் பேசினோம். எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதமும், வேலைநிறுத்தத்தைத் தடுக்கிற நடத்தை விதி 22-க்குக் கட்டுப்படுவேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினோம். அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்ட உரிமையும் இல்லை, தார்மிக உரிமையும் இல்லை என்று ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி தமிழகத்தில் ஓரிடம்கூட வெல்லவில்லை. அதன் பிறகு பல ஆணைகளைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்கான, ஊழியர் சம்பளத்திலிருந்தும் பிடித்துக் கட்டுகிற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் அப்படியே நின்றது. மூத்தவர்களின் சலுகை மீண்டது, இளையவர்கள் தலையில் சுமை ஏறியது.

இந்த வழக்கம் சங்கங்களுக்குள்ளும் உண்டு. யார் சந்தா கட்டுகிறார்களோ அவர்கள் கோரிக்கைதான் மேலே வரும். 2019 ஜனவரிப் போராட்டத்தில் 2017 ஊதியத் திருத்தத்தில் விடுபட்ட 21 மாத நிலுவையும் பழைய ஓய்வூதியமும் எல்லார் வாயிலும் இருந்தன. 2012-இல் 5,000 ரூபாய்க்கு எடுக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்களைப் பற்றி வெளியில் யாருக்கும் தெரியாது. பஞ்சப்படி என்ற சொல்லே, மாதம் ஒரு மொத்தத் தொகை மட்டும் வாங்குகிற இந்தத் தொகுப்பூதியக்காரர்கள் வாழ்க்கையில் கிடையாது.

எங்கள் அலுவலகத்தைக் கூட்டிப் பெருக்குகிற அம்மாவுக்கு அப்போது மாதம் மூவாயிரத்துச் சொச்சம். 2020 ஏப்ரலில் படி நிறுத்திய ஆணை வந்த அன்று, நாங்கள் எல்லோரும் கொதித்துப் போய்ப் பேசிக்கொண்டிருந்தோம். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வந்து கேட்டார்: "ஐயா, எல்லாருக்கும் நிறுத்திட்டாங்களாமே, எனக்கும் குறையுமா?" உங்களுக்குக் குறையாதும்மா என்றேன். குறைக்க அவருக்கு எதுவும் கொடுத்திருக்கவில்லை என்பதை அவரிடம் எப்படிச் சொல்வது?

அதே நேரத்தில் தெலங்கானாவில் மார்ச் மாதச் சம்பளத்தைப் படிப்படியாக வெட்டினார்கள். முதல்வர், அமைச்சர்கள், சட்டமன்ற உறுப்பினர்களுக்கு 75 சதவீதம், ஐ.ஏ.எஸ். போன்ற அதிகாரிகளுக்கு 60, மற்ற ஊழியர்களுக்கு 50, கடைநிலை ஊழியர்களுக்கு 10. சாதாரண எழுத்தருக்கு 50 என்பது கொடுமை, அதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் மேலே இருந்து தொடங்கினார்களே, அது சரி. கேரளத்தில் ஐந்து மாதங்களுக்கு மாதம் ஆறு நாள் சம்பளத்தைப் பிடித்து வைத்தார்கள். 20,000 ரூபாய்க்குக் கீழ் வாங்கியவர்களுக்கு விலக்கு உண்டு. உயர் நீதிமன்றம் தடை விதித்ததும் அவசரச் சட்டம் கொண்டுவந்தார்கள். அங்கே சொன்ன வார்த்தை ஒத்திவைப்பு. இங்கே நிறுத்தம். வாங்குகிறவருக்கு இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது.

அரசின் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். போக்குவரத்துக் கழகத் தொழிலாளர்களுக்குத் தொழில் தகராறு சட்டப்படி 12(3) ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தது; உட்கார்ந்து பேசிக் கையெழுத்துப் போட்டார்கள். தலைமைச் செயலகம் முதல் தாலுகா அலுவலகம் வரை இருக்கும் ஊழியருக்கு அப்படி எதுவும் கிடையாது. குழு அமைப்பார்கள், அறிக்கை வரும், ஆணை வரும். பேச மேசை இல்லாதவர்கள் தெருவுக்குத்தான் வருவார்கள். 2021 ஆகஸ்டில் நிதியமைச்சர் வெள்ளை அறிக்கை வெளியிட்டு, குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் பொதுக்கடன் என்றார். இந்தக் கணக்கைச் சங்கங்களின் முன்னால் விரித்து வைத்து, இவ்வளவுதான் இருக்கிறது, யாருக்கு முதலில் என்று கேட்டிருக்கலாம். அப்படிக் கேட்டால் சங்கங்களும் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் எங்கள் சங்கத்தின் மாவட்டக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுபோனேன். நெருக்கடிக் காலத்தில் பஞ்சப்படியை அடிமட்டச் சம்பளக்காரருக்கு முழுமையாகக் கொடு, மேலே போகப் போக ஒத்திவை, ஒத்திவைத்ததைத் திருப்பித் தரும் தேதியை ஆணையிலேயே எழுது, தொகுப்பூதியக்காரர்களுக்கும் விலைவாசியோடு இணைத்துப் படி கொடு. அவ்வளவுதான். "நம்மளே விட்டுக்கொடுத்தா அவங்க மொத்தமா எடுத்துக்குவாங்க சார்" என்றார் ஒரு தோழர். அந்தப் பயம் நியாயமானது; 2003-ஐப் பார்த்தவர் அவர். வாக்கெடுப்பு இல்லாமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்தார்கள்.

இப்போது ஓய்வூதியர் சங்கத்தில் இருக்கிறேன். எனக்கும் வருஷத்துக்கு இரண்டு முறை படி உயர்கிறது. அதே தீர்மானத்தில் ஓய்வூதியர்களையும் சேர்த்துத் திருத்தி எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் படிக்கப் போகிறேன்.