விக்கெட் எத்தனை என்று கேட்கும் முன் ஆடுகளம் எது என்று கேளுங்கள்

கடந்த ஞாயிற்றுக்கிழமை பல்லடம் பக்கத்திலிருந்து ஒரு தந்தை தம் 14 வயது மகனை, கிரிக்கெட் பயிற்சியாளரான என்னிடம் அழைத்து வந்தார். "ஏனுங்க சார், இவனுக்கு ஸ்பின் சரிப்பட்டு வரலைங்க, வேகப்பந்துக்கு மாத்தி விட்டுருங்க" என்றார். உள்ளூர்ப் போட்டிகளில் நான்கும் ஐந்துமாக விக்கெட் எடுத்துவந்த ஆஃப் ஸ்பின்னர் அந்தப் பையன். தேர்வுப் போட்டியில் மட்டும் 6 ஓவரில் 41 ரன் கொடுத்து, ஒரு விக்கெட்டும் எடுக்கவில்லை. முந்தைய போட்டிகள் மேட் விக்கெட்டிலும் (தென்னை நார் விரிப்புப் போட்ட ஆடுகளம்) தேர்வு டர்ஃப் விக்கெட்டிலும் (இறுக்கிய மண் ஆடுகளம்) நடந்தன என்பதைத் தந்தை சொல்லவே இல்லை. நான் கேட்ட பிறகு பையன்தான் சொன்னான். இதே காரணத்துக்காக இந்த ஆண்டில் என்னிடம் வந்த ஐந்தாவது குடும்பம் இது.

அந்த மேட் மைதானம் எனக்குத் தெரியும். சென்ற மாதம் அங்கே போயிருந்தபோது விரிப்பின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். ஆணிகள் தளர்ந்திருந்ததால் என் நான்கு விரல்களும் தாராளமாக அடியில் நுழைந்தன. தென்னை நார் விரிப்பு அப்படித் தொய்ந்து கிடந்தால், விரலால் நன்றாகச் சுழற்றாமல் வெறுமனே உருட்டி விட்ட பந்துகூட நாரில் பிடித்துத் திரும்பும். அதே விரிப்பைச் சிமெண்ட் தளத்தின் மேல் இறுக்கிக் கட்டினால் பந்து விரைந்து எழும்பும், திருப்பம் குறைந்துவிடும். ஆகவே பையன் எடுத்த விக்கெட்டுகளில் விரிப்புக்கும் பங்குண்டு. கொடுத்த 41 ரன்னில், ரோலர் ஓட்டி இறுக்கிய புது டர்ஃபுக்கும் பங்குண்டு. இரண்டு நாளிலும் வீசிய கை ஒன்றுதான்.

ஸ்கோர் புத்தகத்தில் இருக்கும் எண்தான் திறமை என்ற எண்ணத்தைப் போல எனக்கு வருத்தம் தருவது வேறில்லை. 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்டில் இங்கிலாந்தின் ஜோ ரூட் 218 ரன் அடித்தார். அடுத்த டெஸ்ட் அதே மைதானத்தில், ஆனால் வேறொரு ஆடுகளத்தில் நடந்தது. அவர் எடுத்தது 6, 33. அதற்கடுத்து அகமதாபாத்தில் இரண்டே நாளில் முடிந்த டெஸ்டில், மட்டையாளரான அதே ரூட் 8 ரன்னுக்கு 5 விக்கெட் வீழ்த்தினார். ஒரே மாதத்தில் அவர் பேட்டிங்கை மறந்து பந்துவீச்சைக் கற்றுக்கொண்டார் என்று யாராவது சொல்வார்களா? 2024 ஜனவரியில் கேப்டவுன் டெஸ்டும் இரண்டு நாளில் முடிந்தது. அங்கே தென்னாப்பிரிக்கா இரண்டாவது இன்னிங்ஸில் எடுத்த 176 ரன்னில் மார்க்ரம் ஒருவர் அடித்தது 106. 2016இல் சேப்பாக்கத்தில் இந்தியா 759 ரன் குவித்தபோது கருண் நாயர் 303 ரன்னுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். எந்த ஆடுகளத்தில் வந்தவை என்பதைச் சேர்த்துப் பார்க்காமல், இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்து எடைபோட முடியாது. சர்வதேச வீரர்களுக்கே நிலை இதுவென்றால், ஒரு சிறுவனை ஒரு காலைப்பொழுதின் ஸ்கோரை வைத்து முடிவுகட்டுவது எப்படி நியாயம்?

கரிசல் காட்டையும் செம்மண் காட்டையும் ஒரே மாதிரி உழாத கொங்கு மக்களுக்கு இதை நான் விளக்க வேண்டியிருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. களிமண் மிகுந்த கரிசல் ஆடுகளத்தில் பந்து பெரும்பாலும் தாழ்ந்தும் நின்றும் வரும்; அங்கே குறுக்கு மட்டையால் அடிப்பவனும் முன்கூட்டியே டிரைவ் ஆடுபவனும் ஆட்டமிழப்பார்கள். செம்மண்ணில் தொடக்கத்தில் பந்து நன்றாக எழும்பும். காய்ந்து உதிரத் தொடங்கியதும் சுழலும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடிக்கும் நாள்களில் காலையிலிருந்த ஈரம் விரைவில் காய்ந்துவிடுவதால், ஒன்பது மணிக்கு வீசியவனையும் பன்னிரண்டு மணிக்கு வீசியவனையும்கூட ஒப்பிட முடியாது. ஆடுகளத்தை நம்பாத பந்து என்றால் அது மட்டையாளரின் காலடியில் போய் விழும் யார்க்கர்தான். சேலம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் விளையாடி வளர்ந்த நடராஜன், 2021இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆடும் வரை உயர்ந்ததில் அந்தப் பந்தின் பங்கு பெரிது.

பெற்றோர்களும் சக பயிற்சியாளர்களும் இனிமேலாவது சிலவற்றைச் செய்யுங்கள். விக்கெட், ரன் கணக்கோடு மேட்டா, டர்ஃபா, சிமெண்டா, காலையா, மதியமா என்பதையும் நோட்டில் எழுதி வையுங்கள். தேர்வு டர்ஃபில் நடக்கிறதென்றால் அதற்கு முன் நான்கைந்து நாளாவது பிள்ளையை டர்ஃபில் ஆடவிடுங்கள். நேராக மேட்டிலிருந்து கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். டாஸுக்கு முன் அவனே ஆடுகளத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பார்க்கட்டும், எந்த லென்த்தில், அதாவது பந்தை எவ்வளவு தூரத்தில் குத்தி, வீசலாம் என்று அவனே சொல்லட்டும். ஸ்பைக்ஸ் காலணியோடு மேட்டில் ஏறக் கூடாது. நாரில் மாட்டிக் கணுக்கால் மடங்கும், விரிப்பும் கிழியும். எல்லைக்கோட்டில் நின்றுகொண்டு "சுத்து, சுத்து" என்று கத்தாதீர்கள். ஆடுகளம் திருப்பம் தராத நாளில் காற்றில் பந்தை மிதக்க விடுவதும் வேகத்தை மாற்றுவதும்தான் அவனுக்குக் கைகொடுக்கும், கத்தலைக் கேட்டு அதையும் மறந்துவிடுகிறான். ஒரே ஒரு தோல்விக்காக 14 வயதில் பந்துவீச்சு முறையை மாற்றச் சொல்லாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தத் தந்தையிடமும் இதைத்தான் சொன்னேன். யோசித்துச் சொல்வதாகக் கூறிப் போயிருக்கிறார். பையனின் விரல்கள் நீளமானவை. பந்தை அவன் பிடிக்கும் விதத்தில் குறை ஏதும் இல்லை. சுழற்றும் வேகம் மட்டும் கூட வேண்டும், அது மூன்று மாத வேலை. ஐயா, இதைப் படித்தால் செவ்வாய், வியாழன் காலை 6 மணிக்கு அவனை அனுப்பி வையுங்கள். அந்த நேரத்தில் டர்ஃப் வலை காலியாகத்தான் இருக்கிறது.