தயிருக்குள் பாக்டீரியா விட்டுச் செல்லும் அமிலங்கள்

தயிர் சாப்பிட்டால் உடல் இளைக்குமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கொழுப்பைக் கரைக்கும் என்று எங்கோ படித்திருப்பார் போல. கரைக்காது. ஆனால் இந்தக் கேள்வியை அதோடு முடித்துவிட எனக்கு மனமில்லை.

அமெரிக்காவில் சுமார் 1,20,000 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. அவர்களுக்கு 4 ஆண்டுகளில் சராசரியாக 1.5 கிலோ எடை கூடியது. தினமும் ஒரு பங்கு தயிரைக் கூடுதலாகச் சேர்த்துக்கொண்டவர்களுக்கு அதில் ஏறக்குறைய 370 கிராம் குறைவு. பெரிய வித்தியாசம் இல்லை. தயிர் சாப்பிடுகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் உடம்பைப் பேணுகிறவர்களாக இருக்கலாம் என்ற சந்தேகமும் முழுதாகத் தீராது. நீரிழிவு விஷயத்தில் ஆதாரம் கொஞ்சம் தேவலை. வாரம் 2 கப் தயிர் இரண்டாம் வகை நீரிழிவின் ஆபத்தைக் குறைக்கக்கூடும் என்று தயிர் நிறுவனங்கள் டப்பாவில் எழுதிக்கொள்ள அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024இல் இசைந்தது. ஆதாரம் குறைவுதான் என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

சரி, உண்மை என்றே வைத்துக்கொள்வோம். எப்படி நடக்கிறது? நல்ல பாக்டீரியா குடலில் குடியேறி நம்மைக் காக்கிறது என்பது வழக்கமான பதில். நூறாண்டுக்கு முன் மெச்னிகோஃப் என்ற விஞ்ஞானி அப்படித்தான் நம்பினார். நோபல் பரிசு பெற்றவர் சொன்னதால் ஊரெல்லாம் நம்பியது. உண்மையில் தயிர் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை சில நாட்களில் குடலைக் கடந்து வெளியேறிவிடும். எனக்கு அதைவிடச் சுவாரசியமாகப் படுவது, நாம் வாயில் வைக்கும் முன்பே அவை தயிருக்குள் செய்து முடித்திருக்கும் வேலை.

பாலின் சர்க்கரையான லாக்டோஸ் லாக்டிக் அமிலமாவது பள்ளிப் பாடம். பலர் கவனிக்காதது புரதத்தின் கதை. பாக்டீரியா பால் புரதத்தை அமினோ அமிலங்களாக நறுக்குகிறது. அவற்றில் லியூசின், ஐசோலியூசின், வாலின் என்ற மூன்றுக்கும் கிளைத்த கரிமச் சங்கிலி உண்டு. பாக்டீரியா இவற்றின் நைட்ரஜன் பகுதியைக் கழற்றி வேறொரு மூலக்கூறுக்குக் கொடுத்துவிடுகிறது. மிஞ்சும் கீட்டோ அமிலத்தில் ஹைட்ரஜனை ஏற்றுகிறது. இப்படி நைட்ரஜன் இருந்த இடத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு ஹைட்ராக்சில் தொகுதி வந்து உட்கார்ந்துவிடும். சர்க்கரை உடைந்து கிடைக்கும் பைருவிக் அமிலம் லாக்டிக் அமிலமாவதும் இதே மாதிரியான வினைதான். ஆக, தயிரின் புளிப்புக்குக் காரணமான அமிலத்துக்கு இந்தப் புதிய அமிலங்கள் பங்காளிகள்! கிளைச்சங்கிலி ஹைட்ராக்சி அமிலங்கள் என்று பெயர்.

உடல் பருமனும் இன்சுலின் எதிர்ப்பும் (செல்கள் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காத நிலை) உள்ளவர்களின் இரத்தத்தில் அந்த மூன்று அமினோ அமிலங்கள் அளவுக்கு மேல் இருப்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம். கனடாவின் லாவல் பல்கலைக்கழகத்தில் நடந்து 2022இல் வெளியான எலி ஆய்வு அவற்றின் மறுவடிவத்தைப் பார்த்தது. கொழுப்புணவால் பருத்த எலிகளின் உடலில் ஹைட்ராக்சி அமிலங்கள் குறைந்தன. தயிரும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தக் குறைவு ஓரளவு தடுக்கப்பட்டது, கல்லீரலில் கொழுப்பு சேர்வதும் தடுக்கப்பட்டது. தனியே வளர்த்த கல்லீரல், தசை செல்களில் இந்த அமிலங்களைச் சேர்த்தால், குளுக்கோஸைக் கையாள்வதில் இன்சுலின் சொல்வதை அவை கூடுதலாகக் கேட்டன. எங்கிருந்து வந்த மூலக்கூறோ, ஒரு நைட்ரஜனை இழந்ததும் அதன் குணம் எவ்வளவு மாறிவிடுகிறது!

எலிகளின் பலனில் ஒரு பங்கு குடல் நுண்ணுயிர்கள் வழியாகவும் வந்தது என்பதால் மெச்னிகோஃபை முழுதாக ஒதுக்கவும் முடியாது. தவிர, எலி மனிதனல்ல.

இனி வேண்டியது, ஒரே பாலை ஒரு குழுவுக்குப் பாலாகவும் மறு குழுவுக்குத் தயிராகவும் ஆண்டுக்கணக்கில் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு. அதில் காப்புரிமை எடுக்க எதுவும் இல்லை, அதனால் மருந்து நிறுவனங்கள் முன்வராது. தயிர் நிறுவனங்கள் முன்வரும். எனக்கு அது உறுத்துகிறது. இதற்கான செலவை அரசுகள்தான் ஏற்க வேண்டும். அதுவரை வாசகருக்கு என் பதில்: தயிர் சாப்பிடுங்கள், ஆனால் டப்பாவில் சர்க்கரை எத்தனை கிராம் என்று பார்த்து வாங்குங்கள்.