ஸ்கைலைன் ஜிடி-ஆர்: கம்பெனி டர்போவில் எவ்வளவு பூஸ்ட் வைக்கலாம்?

நிஸானின் ஆர்32 ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஸ்போர்ட்ஸ் கார் கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது, "ஒரு பார் வைக்கலாமா அண்ணா?" என்பதுதான். எக்ஸாஸ்ட் புகையால் சுழலும் டர்போ, என்ஜினுக்குள் கூடுதலாகத் திணிக்கும் காற்றின் அழுத்தம்தான் பூஸ்ட்; அதை அளப்பது பாரில். அந்த ஒரு பாரை என்ஜின் தாங்கும், டர்போ தாங்காது. இது தெரியாமல்தான் நல்ல நல்ல வண்டிகள் ஒர்க்‌ஷாப்பில் வந்து நிற்கின்றன.

1989-இல் வந்த இந்த வண்டியின் ஆர்பி26 என்ஜினை குரூப் ஏ என்ற கார் பந்தயப் பிரிவை மனதில் வைத்தே நிஸான் செய்தது. 2,568 சிசி, இரும்பு பிளாக், இரட்டை டர்போ. பந்தயத்தில் அது கொடுத்த பவரைக் காட்டி "இதுக்கு ஒண்ணும் ஆகாது" என்பார்கள். அங்கே ஓடியது வேறு டர்போ. ரோட்டு வண்டியின் டர்போவில் எக்ஸாஸ்ட் பக்கச் சக்கரம் செராமிக், அதாவது பீங்கான் வகை. எடை குறைவு என்பதால் சட்டென்று சுழலும். ஆனால் சூடும் வேகமும் எல்லை மீறினால் ஷாஃப்டை விட்டே கழன்றுவிடும்.

கம்பெனி பூஸ்ட் சுமார் 0.7 பார். பூஸ்ட் கன்ட்ரோல் ஹோஸுக்குள் நடுவில் துளையிட்ட ஒரு சின்னத் துண்டு இருக்கும். அதை எடுத்துவிட்டால் காசு செலவில்லாமல் பூஸ்ட் ஒரு பாரை நெருங்கும். எக்ஸாஸ்ட் புகையை டர்போ சக்கரத்தில் படாமல் வெளியேற்றி பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கதவு வேஸ்ட்கேட்; அதைத் திறப்பது ஆக்சுவேட்டர். ஆக்சுவேட்டருக்குப் போகவேண்டிய அழுத்தம் கசிந்து, வேஸ்ட்கேட் தாமதமாகத் திறப்பதுதான் காரணம். ஊர் முழுக்கப் பரவிய வித்தை இது. முப்பது வயதான செராமிக் சக்கரத்தை நம்பி இதைச் செய்யாதீர்கள். நான் 0.8 பாருக்கு மேல் வைத்துக் கொடுப்பதில்லை. ஒரு பார் வேண்டுமென்றால் ஸ்டீல் சக்கர டர்போ போட்ட பிறகு பேசலாம்.

"பிக்கப் இல்லை, சத்தமும் ஒரு மாதிரி இருக்கு" என்று ஒரு வண்டி வந்தது. பின்பக்க டர்போவைக் கழற்றினால் ஹவுசிங்குக்குள் வெறும் ஷாஃப்ட் முனை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. சக்கரம் நொறுங்கி, துண்டுகள் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரில் கிடந்தன.

அடுத்த ஆபத்து பெட்ரோல். ஜப்பானில் இந்த வண்டி குடித்தது 100 ஆக்டேனை ஒட்டிய ஹை-ஆக்டேன் பெட்ரோல். அதே இக்னிஷன் டைமிங்கோடு (பிளக் தீப்பொறி விடும் நேரம்) 95 ஆக்டேன் ஊற்றி பூஸ்டையும் ஏற்றினால் நாக்கிங் வரும், அதாவது கலவை கட்டுப்பாடில்லாமல் வெடித்து எரியும். காதில் விழுவதற்கு முன்பே பிஸ்டன் அடிவாங்கத் தொடங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போலப் புள்ளிகள் இருந்தால் அன்றைக்கே பூஸ்டைக் குறைத்துவிட்டு டைமிங்கைச் சரிபார்க்க வேண்டும்.

பூஸ்டைத் தொடும் முன் சிலிண்டர்களின் கம்ப்ரஷன் அழுத்தம் பாருங்கள், ஃபியூயல் பம்ப் அழுத்தம் பாருங்கள். எக்ஸாஸ்டில் கலவையை அளக்கும் வைட்பேண்ட் சென்சார் மாட்டி, முழு பூஸ்டில் காற்று-எரிபொருள் விகிதம் 11.5-க்கும் 12-க்கும் இடையில் நிற்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். அதற்கு மேலே ஏறினால் பெட்ரோல் குறைந்து கலவை மெலிகிறது என்று அர்த்தம், உடனே காலை எடுங்கள்.

உச்ச அளவைப் பதிந்துவைக்கும் பூஸ்ட் கேஜ் ஒன்று கட்டாயம். 0.8 வைத்த வண்டி ஒரு நொடி 1.1 காட்டினாலும் அந்த நொடியில் சக்கரம் போகலாம். அப்படிக் காட்டினால் ஆக்சுவேட்டர் ஹோஸ் வெடித்திருக்கிறதா, கழன்றிருக்கிறதா என்று பார்க்காமல் மறுபடி ஆக்சிலேட்டரை முழுதாக மிதிக்க வேண்டாம்.