உரிந்த பெயின்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்

பாய்மரப் படகைக் கரையேற்றியதும் அடிப்பாகத்தில் பெயின்ட் பட்டை பட்டையாக உரிந்து தொங்கினால், உரிமையாளர்கள் முதலில் கேட்பது "எத்தனை டப்பா வாங்கணும்?" என்றுதான். டப்பா அப்புறம். உரிந்த செதிலைக் கையில் எடுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். பிடி எங்கே விட்டது என்பது அங்கே தெரியும்.

பின்பக்கமும் பழைய பெயின்டாகவே இருந்தால், அடுக்குகளுக்கு நடுவே விட்டிருக்கிறது. பழையதைச் சுரண்டாமல் வருஷா வருஷம் மேலே மேலே அடித்த படகுகளில் இது சகஜம். தண்ணீரில் தானே தேயும் மென்மையான வகைக்கு மேல் கெட்டியான வகையை அடித்திருந்தாலும் இப்படி ஆகும். கெட்டியானதைத் தேய்த்துவிட்டு அதன்மேல் மென்மையானதை அடிப்பது பெரும்பாலும் சரிவரும். இரண்டு டப்பாவின் குறிப்பையும் படித்துவிடுங்கள்.

பிரைமரும் சேர்ந்து உரிந்து, ஃபைபர் படகின் மேல்தோலான ஜெல்கோட் பளபளவென்று தெரிந்தால் கதை வேறு. படகை அச்சிலிருந்து கழற்றப் பூசும் மெழுகு போகாமல் இருந்திருக்கும். மெழுகைக் கரைப்பான் தொட்ட துணியால் துடைத்த பிறகுதான் உப்புத்தாளைத் தொட வேண்டும். முன்பே தேய்த்தால் மெழுகு கீறல்களுக்குள் ஏறிவிடும். இன்னொரு காரணமும் உண்டு: பிரைமராகப் பூசும் எப்பாக்ஸி பிசின்களில் சில காயும்போது மேலே பிசுபிசுப்பான படலம் வரும், அதன்மேல் அடித்தது ஒட்டாது. அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவினால் போதும்.

அடிப்பாகத்தில் கொப்புளம் இருந்து, அதைக் குத்தும்போது வினிகர் வாடையோடு நீர் வந்தால் பெயின்டைக் குறை சொல்லிப் பயனில்லை. நீர் ஃபைபருக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. முதலில் படகுப் பரிசோதகரைக் கூப்பிடுங்கள். (குத்தும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே அழுத்தத்தோடு இருக்கும்.)

மிச்சம் இருப்பதை நம்பலாமா? பிளேடால் பெருக்கல் குறி போட்டு, பிசின் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பல இடங்களில் பெயின்ட் கூடவே வந்தால் முழுவதையும் எடுத்துவிடுவதே நல்லது. ஒட்டுப்போடுவது அடுத்த வருஷத்துக்கு வேலையைத் தள்ளிப்போடுவதுதான்.

எடுக்கும் வேலையில்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். பாசியையும் கொட்டலசையும் அண்டவிடாமல் செய்யும் இந்தப் பெயின்டில் பெரும்பாலும் செம்பு ஆக்ஸைடு இருக்கிறது. பழைய படகுகளின் அடி அடுக்குகளில் டிபிடி என்ற தகரச் சேர்மமும் இருக்கலாம். அதைத் தடைசெய்யும் சர்வதேச ஒப்பந்தம் 2001-இல் ஏற்கப்பட்டு 2008-இல்தான் அமலுக்கு வந்தது. இந்தத் தூசி நச்சு என்பதால் உலர்வாகத் தேய்க்காதீர்கள். ஈரமாகத் தேயுங்கள், அல்லது தூசி உறிஞ்சும் இயந்திரம் பொருத்தித் தேயுங்கள். முகத்தில் கட்டும் துணி இந்தத் தூசியைத் தடுக்காது. வடிகட்டி உள்ள சுவாசக் கவசம் வேண்டும். கீழே தார்ப்பாய் விரித்து, விழுவதை நச்சுக் கழிவாக ஒப்படையுங்கள். ரசாயன நீக்கி என்றால் ஃபைபருக்கு ஏற்றது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சாதாரண வகை ஜெல்கோட்டையே அரிக்கும்.

திரும்பப் பூசும்போது கடைசி எப்பாக்ஸி கோட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ரேகை பதிய வேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. பொதுவாக அந்த நேரத்தில்தான் பாசித்தடுப்புப் பெயின்டின் முதல் கோட். இறுகவிட்டால் மறுபடி உப்புத்தாள்தான். அலுமினியப் படகுக்குச் செம்பு ஆக்ஸைடு கலந்த பெயின்டே வேண்டாம், உலோகத்தை அரித்துவிடும். படகின் உலோகப் பாகங்களுக்குப் பதில் தாங்கள் அரிபடுவதற்காகப் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டிகள் மேல் பெயின்ட் படாமல் மறைத்துவிட்டு அடியுங்கள்.