காணி உறுதி உங்களுடையதாக இருக்கலாம், உர மானியம் விதைத்தவருக்கு

இந்தக் காலபோகத்திலும் (மாரிகால நெற்செய்கையிலும்) அதே வழக்கு கமநல சேவை நிலையத்தில் எங்கள் மேசைக்கு வந்துவிட்டது: அரசின் உர மானியம் யாருக்கு? குத்தகைக்கு எடுத்து விதைத்தவர் கதிரையில் இருக்கிறார். காணிக்காரர் கனடாவிலிருந்து வாட்ஸ்அப்பில். "காணி என்ர பேரில. மானியம் மட்டும் எப்பிடி அவருக்குப் போகும்?"

ஐயா, அந்தக் காசு உரம் வாங்கத் தருவது. உங்கள் வயலுக்கு யூரியா வாங்கியது யார்? உழவுக்கூலி கொடுத்தது யார்? மழை பிந்தினால் கடன்படப் போவது யார்? குத்தகைக் காசை நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள். உறுதியோ அரச காணி அனுமதிப்பத்திரமோ காணி யாருடையது என்று சொல்லும். இந்தப் போகம் அதில் யார் விதைத்தார் என்று அது சொல்லாது. மானியத்துக்கு எங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

50 கிலோ மூடை 350 ரூபாவுக்குக் கிடைத்த காலத்தில் இந்தச் சண்டை இவ்வளவு இல்லை. மூடை நேரே வயலுக்குப் போனது. லண்டனிலிருந்து யாரும் யூரியா கேட்டதில்லை. மானியம் காசாக மாறி வங்கியில் விழத் தொடங்கியதும்தான் எல்லாருக்கும் வயல் ஞாபகம் வருகிறது. ஹெக்டேயருக்கு 15,000 ரூபாவாக இருந்தது 2024/25 காலபோகத்தில் 25,000 ஆனது, 2 ஹெக்டேயர் வரைதான். ஏக்கருக்குக் கிட்டத்தட்ட 10,000. உரச் செலவு முழுவதையும் அது மூடாது என்பது வேறு கதை.

வயல் இன்னும் செத்துப்போன அப்பாவின் பெயரில் இருக்கிறதா? தம்பி, இறப்புச் சான்றிதழோடு கமநல சேவை நிலையத்துக்கு வந்து வயல் பதிவேடான இடாப்பைத் திருத்துங்கள். செத்தவரின் கணக்குக்குக் காசு அனுப்ப எங்களால் முடியாது.

கணவர் காணாமல் ஆக்கப்பட்ட அக்காமாரிடம் ஒரு வேண்டுகோள். இடாப்பில் அவர் பெயர்தான் என்று நினைத்துப் பல பேர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து உள்ளே வாருங்கள். வயலைச் செய்வது நீங்கள் என்றால் செய்கையாளராக உங்கள் பெயரைப் பதியக் கேளுங்கள். வெள்ளம் வந்து பயிர் அழிந்தால் நட்டஈட்டுக்கும் இந்தப் பதிவு தேவைப்படும்.

மற்றவை சுருக்கமாக. ஒவ்வொரு போகமும் பதியுங்கள். போன வருடம் பதிந்தது இந்த வருடத்துக்கு ஓடாது. குத்தகையை வாய்ப்பேச்சில் விடாமல் எழுதி, இரண்டு பேரும் ஒப்பம் வையுங்கள். வங்கிப் புத்தகத்திலும் அடையாள அட்டையிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். வருடக்கணக்காகத் தொடாத கணக்கு என்றால் முதலில் வங்கிக்குப் போங்கள். "மானியம் வந்திருக்கு, போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்கோ" என்று யார் கேட்டாலும் வையுங்கள் போனை. நாங்கள் ஒருநாளும் அப்படிக் கேட்பதில்லை. கடனுக்குப் பயிர் மருந்து தந்த கடைக்காரரிடம் ஏடிஎம் அட்டையை ஈடாகக் கொடுக்கிற பழக்கத்தையும் விடுங்கள்.

கடைசியாகக் கமக்காரர் அமைப்புத் தலைவர்களுக்கு. விதைக்காதவருக்கு 'இவர்தான் விதைத்தார்' என்று ஒப்பம் வைத்துத் தருகிறீர்களே, சொந்தக்காரர், ஊர்க்காரர் என்ற முகத்தாட்சண்யம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் ஒரே வயலுக்கு இரண்டு பெயர் வந்தால் விசாரணை முடியும்வரை இரண்டு பேருக்கும் காசு நிற்கும். விசாரணை இழுபடும் அந்த நாட்களுக்குள் அடிக்கவேண்டிய யூரியாவை விதைத்தவன் அடிக்காமல் விடுவான். வரம்பில் ஒருக்கால் நடந்து பார்த்துவிட்டு ஒப்பம் வையுங்கள்.