'தூங்கிய குழந்தை'யை ஜெர்மன் ஏன் ஏற்பதில்லை?

ஜெர்மன் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "வேகவைத்த முட்டைக்கு 'கெகொஹ்டெஸ் ஐ' சரி என்றால், தூங்கிய குழந்தைக்கு 'கெஷ்லாஃபெனெஸ் கிண்ட்' மட்டும் ஏன் தப்பு?"

அடிப்படையை வேகமாகப் பார்த்துவிடலாம். 'கொஹென்' என்றால் சமைப்பது, வேகவைப்பது. அதன் இறந்தகால எச்சம் 'கெகொஹ்ட்'. பெயருக்கு முன்னால் பெயரடையாக வந்தால் விகுதி சேரும். வினையடையாக வந்தால் விகுதியே கிடையாது: 'எர் காம் கெலாவ்ஃபென்', ஓடி வந்தான். அப்படியே நம் வினையெச்சம்!

பெயரெச்சத்தில்தான் இரு மொழிகளும் பிரிகின்றன. தமிழில் சமைத்த சோறு, சமைத்த அம்மா, சமைத்த பாத்திரம், சமைத்த நாள் எல்லாமே சரி. 'கெகொஹ்ட்' அப்படி எல்லாரிடமும் ஒட்டாது. வினையால் யார் நிலை மாறியதோ அவரிடம் மட்டுமே ஒட்டும். அம்மாவுக்கு முன்னால் போட்டால் அம்மாவையே வேகவைத்ததாகிவிடும்.

இப்போது குழந்தைக்கு வருவோம். தூங்குவது தொடர்ந்து நீடிக்கும் ஒரு நிலை. அதில் மாற்றம் இல்லை, அதனால் 'கெஷ்லாஃபென்' பெயரடையாகாது. தூங்கிப்போவது மாற்றம். விழித்திருந்த குழந்தை உறக்கத்துக்குள் போகிறது. ஆகவே 'ஐன்கெஷ்லாஃபெனெஸ் கிண்ட்' சரி.

என்னை மிகவும் கவர்ந்தது ஓட்டம். 'ஓடிய நாய்' என்று வெறுமனே 'கெலாவ்ஃபென்' போட்டால் ஜெர்மானியர் முகம் சுளிப்பார். 'காட்டுக்குள் ஓடிய நாய்' என்றால் ஏற்றுக்கொள்வார். வினை அதேதான். போய்ச்சேரும் இடம் வந்ததும் வெளியே இருந்தது உள்ளே போய்விட்டது, மாற்றம் கிடைத்துவிட்டது! செயப்படுபொருள் குன்றிய வினைகள் ஒரே இனமல்ல, செய்பவரைச் சொல்பவை, மாற்றத்துக்கு உள்ளாகிறவரைச் சொல்பவை என இரண்டு இனம் என்று மொழியியலாளர் டேவிட் பெர்ல்மட்டர் 1978இல் முன்வைத்த கருதுகோளுக்கு இது நல்ல சான்று. பேசுபவர் யாருக்கும் சொல்லித்தராத ஒரு நுட்பம் எல்லார் தலைக்குள்ளும் இருக்கிறது. இதை ஆராய்வதை 'பயனற்றது' என்று நிதி ஒதுக்காமல் தள்ளுவது பெரிய தவறு என்பேன்.

சரி, வகுப்பில் எப்படிக் கண்டுபிடிப்பது? செயப்படுபொருள் குன்றிய வினை, முற்றுக்காலத்தில் 'ஹாபென்' (ஆங்கில have போன்றது) துணைவினையோடு வந்தால் பெயரடையாக்காதீர்கள். 'ஸைன்' (be போன்றது) வந்தால், மாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு 'ஷ்லாஃபெண்டெஸ் கிண்ட்' என்று எழுதலாம். தூங்கி முடித்த குழந்தை என்றால் தனி வாக்கியத் துணுக்காகவே சொல்ல வேண்டும்: 'டாஸ் கிண்ட், டாஸ் கெஷ்லாஃபென் ஹாட்'.