புட்டு தொண்டையில் இறங்குகிறதா?

கண்ணில் மணல் கிடப்பது போல உறுத்துகிறது என்று வருபவர்களிடம், "காலையில் புட்டு தின்னும்போது நடுவில் தண்ணீர் குடிக்காமல் இறங்குமா?" என்று இப்போதெல்லாம் கேட்கிறேன். கண் டாக்டருக்கும் புட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பலர் முழிப்பார்கள். ஒன்றிரண்டு பேர் மட்டும் சட்டென்று, "இல்ல டாக்டரே, நெஞ்சில அடைக்கும், பக்கத்தில வெள்ளம் வேணும்" என்பார்கள். கண்ணீரும் உமிழ்நீரும் வற்றிப்போகும் ஷோக்ரன் என்ற நோயைப் பற்றி இதை எழுதுவது அவர்களுக்காகத்தான்.

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அக்கா. வயது 46. பல வருடமாக அண்டி ஆபீஸில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், பருப்புத் தோல் எடுக்கும் வேலை. கண் எரிச்சலுக்கு அண்டி வறுக்கும் புகைதான் காரணம் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன். பலமாகக் காற்று வீசும் ஆரல்வாய்மொழிக்காரர்கள் என்றால் காற்றைக் காரணம் சொல்வார்கள். அதில் தப்பில்லை, காற்றும் புகையும் கண்ணை உலர்த்தத்தான் செய்யும். சொட்டு மருந்து எழுதினேன். கேட்கவில்லை என்றதும் வேறு சொட்டு மருந்து எழுதினேன். உள்ளி அரிந்தால்கூடக் கண் எரிகிறதே தவிர நீர் வரவில்லை என்று அவர் ஒருமுறை சொன்னார். அன்றே நான் யோசித்திருக்க வேண்டும்.

அதே சமயம் அவர் வேறோர் இடத்தில் ஆறு பல் எடுத்திருந்தார். மூட்டு வலிக்கு இன்னோர் இடத்தில் மாத்திரை. எங்களில் யாரும் மற்றதைக் கேட்கவில்லை. ஒருநாள் காலையில் பாயிலிருந்து எழ முடியவில்லை, கையும் காலும் துவண்டு கிடந்தன. வாதம் அடித்துவிட்டது என்று வீட்டில் அழுதிருக்கிறார்கள். இரத்தத்தைப் பார்த்தால் பொட்டாசியம் 2.1. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். பொட்டாசியம் கொடுத்ததும் எழுந்து நடந்தார். அது ஏன் குறைந்தது என்று விடாமல் தேடிய பொது மருத்துவர்தான் கண், பல், மூட்டு, சிறுநீரகம் எல்லாம் ஒரே நோய் என்று கண்டுபிடித்தார். ஷோக்ரன் நோய்.

கிருமியோடு சண்டை போட வேண்டிய வெள்ளணுக்கள் கண்ணீர்ச் சுரப்பியிலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் புகுந்து அவற்றையே கெடுப்பதுதான் இது. சுவீடனின் ஹென்ரிக் ஷோக்ரன் 1933-ல் 19 பெண்களைப் பற்றி எழுதினார். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. அவரும் கண் மருத்துவர்தான். இன்றும் இந்த நோய் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் நாற்பது தாண்டியவர்கள். மாதவிடாய் நிற்கும் வயசு, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் சொல்லிவிடுவதால் பலருக்கு வருடக்கணக்கில் தெரியாமலே போகிறது.

உமிழ்நீர் வற்றினால் ஈறோரமாகப் பல் சொத்தையாகும், நாக்கு வெடிக்கும், மீன் குழம்பின் காரம் தாங்காது. சிறுநீரகக் குழாய்கள் பாதிக்கப்பட்டால் உடம்பின் அமிலம் வெளியேறாமல் தங்கி, பொட்டாசியம் சிறுநீரோடு போய்விடும். அந்த அக்காவுக்கு நடந்தது இதுதான். சிலருக்குப் பாதம் மரத்து எரியும், சிலருக்கு நுரையீரல் கெட்டு வறட்டு இருமலும் மூச்சு வாங்கலும் வரும். காதுக்குக் கீழே கன்னம் வீங்கி வாரக்கணக்கில் வற்றாமல் இருந்தால் பொன்னுக்குவீங்கி என்று பற்றுப் போட்டுக் காத்திருக்காதீர்கள். இந்த நோய் உள்ள நூறு பேரில் சுமார் ஐந்து பேருக்கு லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வருகிறது.

கர்ப்பிணிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். இந்த நோயில் உடம்பு உருவாக்கும் 'ஆன்டி-ரோ' என்ற எதிர்ப்பொருள் தாயின் இரத்தத்தில் இருந்தால், அது நஞ்சுக்கொடி வழியே போய், நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு இதயத்துக்குள் போகும் மின் சைகையைத் தடுத்துத் துடிப்பை மெதுவாக்கிவிடும். பெரும்பாலும் 18 முதல் 24 வாரத்துக்குள் இது தெரியும் என்பதால் மகப்பேறு மருத்துவரிடம் முதல் மாதங்களிலேயே சொல்லிவிடுங்கள்.

சரி, உலர்ந்த கண் எல்லாம் இந்த நோயா? இல்லை. அலர்ஜி மாத்திரை, மனச்சோர்வு மாத்திரை, சர்க்கரை நோய் எல்லாமே கண்ணையோ வாயையோ உலர்த்தும். கீழ் இமையில் ஒரு காகிதத் துண்டை ஐந்து நிமிடம் மாட்டி வைத்துப் பார்ப்போம். 5 மில்லிமீட்டருக்கு மேல் நனையவில்லை என்றால் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவேன். அப்புறமும் சந்தேகம் இருந்தால் கீழ் உதட்டின் உட்புறத்தில் துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள்.

முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் கண்ணுக்குச் சொட்டு மருந்து, பல்லுக்கு ஃபுளூரைடு, உமிழ்நீரைத் தூண்டும் பைலோகார்பின், மூட்டு வலிக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்று சமாளிக்கலாம். கடைசியாகச் சொன்ன மாத்திரை நாள்பட விழித்திரையைப் பாதிக்கக் கூடும். பொதுவாக ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் பரிசோதித்தால் போதும். அக்காவுக்குச் சிறுநீரகப் பாதிப்பும் இருப்பதால் முதல் வருடத்திலிருந்தே வரச் சொல்லியிருக்கிறேன். போன மாதம் வந்தார். விழித்திரை நன்றாக இருக்கிறது. புட்டு மட்டும் இன்னமும் பழத்தோடு நன்றாகக் குழைத்தால்தான் இறங்குகிறதாம்.